பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டீர்களா? புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியானதும் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். மாமியின் மகள், பக்கத்து வீட்டுத் தம்பி, அம்மாவோடு வேலை செய்யும் டீச்சரின் மகன், எல்லோருக்கும் ஒரே கேள்விகள்தான். நான் வவுனியாவிலிருந்து பேராதனைக்குப் போய் கலைப்பீடத்தில் நாலு வருடப் படிப்பை ஐந்து வருடத்துக்கு மேல் படித்து முடித்தவள் (அது ஏன் என்று கீழே வரும்). ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது, அதனால் எழுதிவைக்கிறேன். பொறியியல், மருத்துவப் பீடங்களின் பாடவிபரம் எனக்குத் தெரியாது, அதை அங்கே படிக்கிற அண்ணா அக்காமாரிடம் கேளுங்கள். மிச்சம் எல்லோருக்கும் பொது.

பேராதனை கிடைத்தது நல்லதா, யாழ்ப்பாணமோ கொழும்போ கிடைத்திருந்தால் நல்லதா?

கிடைத்தது கிடைத்ததுதான். இலங்கையில் பல்கலைக்கழகம் போவது பாதி உங்கள் உயர்தரப் பரீட்சை இசட் புள்ளி, பாதி உங்கள் மாவட்டம். கணிதம், உயிரியல் போன்ற பிரிவுகளில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா மாதிரிப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அதனால் ஒரே புள்ளி எடுத்த இரண்டு பேரில் ஒருவர் மருத்துவபீடத்திலும் மற்றவர் வீட்டிலும் இருக்கலாம். 1970களில், புள்ளியை மட்டும் பார்க்காமல் அனுமதிக்கும் தரப்படுத்தல் வந்ததிலிருந்து நம் வீடுகளில் இதைப்பற்றிக் கதைத்துத் தீரவில்லை, நான் இங்கே கதைத்தும் தீராது.

யாழ்ப்பாணம் கிடைத்திருந்தால் அம்மாவின் சாப்பாடு அல்லது அதற்குக் கிட்டிய சாப்பாடு, சுற்றிவரத் தமிழ். கொழும்பு கிடைத்திருந்தால் ரியூசன் கொடுத்துக் காசு பார்க்கலாம். பேராதனையில் இரண்டும் குறைவு. ஆனால் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்களோடு ஒரே வளவுக்குள் சாப்பிட்டு, சண்டைபிடித்து, பரீட்சைக்குப் பயந்து நாலு வருடம் இருப்பது இங்கே கிடைக்கும் அளவுக்கு வேறு இடத்தில் கிடைக்குமா என்பது சந்தேகம். இந்த இடம் அதற்கென்றே கட்டப்பட்டது.

அதென்ன, அதற்கென்றே கட்டப்பட்டது?

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இலிருந்தே இயக்கம் நடத்தியவர்களில் முன்னுக்கு நின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் பெயரில் ஒரு விடுதி இருக்கிறது, தம்பி இராமநாதன் பெயரிலும் இருக்கிறது என்று எழுதப் போனேன், இராமநாதன்தான் அண்ணன். எங்கே கட்டுவது என்பதில் 1920களில் பெரிய சண்டை, கொழும்பா கண்டியா என்று. கண்டிப் பக்கம் வாதாடியவர் நீதிபதி அக்பர். அவர் பெயரிலும் விடுதி இருக்கிறது, பாலமும் இருக்கிறது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கி, முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்தில், 1952 இல், பேராதனையில் இருந்த பழைய தேயிலைத் தோட்டக் காணிக்கு இடம்பெயர்ந்தது. திட்டம் போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர் லண்டன் நகரத் திட்டத்தால் பெயர்பெற்ற பற்றிக் அபர்குரொம்பி, கட்டடக்கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். விடுதியில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகத்தான் நினைத்தார்கள். அதனால்தான் விரிவுரை மண்டபங்களுக்குக் கொடுத்த அதே கவனத்தை விடுதிகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

1954 இல் எலிசபெத் மகாராணியோடு வந்த எடின்பரோ கோமகன் திறந்துவைத்தபோது, இடம் முழுக்க வெட்டவெளியாகக் கிடந்ததைப் பார்த்து, "வழக்கத்தைவிட இன்னும் திறந்ததாக அறிவிக்கிறேன்" என்று பகிடி விட்டார் என்பது இங்கே எல்லா பட்சும் (ஒரே வருடம் உள்ளே வந்தவர்கள்) அடுத்த பட்சுக்குச் சொல்லும் கதை. 1978 இல் பேராதனைப் பல்கலைக்கழகம் என்று தனிப்பெயர் வந்தது. இப்போது ஒன்பது பீடங்கள்.

எப்படிப் போவது? எங்கே இறங்குவது?

வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு வழி சுலபம். ஏ9 வீதி என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் வீதி தொடங்குவதே கண்டியில்தான், பஸ் ஏறி நித்திரை கொண்டால் தம்புள்ள, மாத்தளை தாண்டிக் கண்டியில் எழுப்புவார்கள். மட்டக்களப்புப் பக்கத்தால் மகியங்கனை வழி வருகிறவர்கள் பதினெட்டு வளைவு மலைப்பாதையில் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், நிறையச் சாப்பிட்டும் ஏறாதீர்கள். ரயிலில் வந்தால் பொல்காவலையில் மாறவேண்டிவரும். வளாகத்துக்கென்றே சரசவி உயன என்று ஒரு சின்ன ரயில் நிலையம், பேராதனைச் சந்திக்கும் கண்டிக்கும் இடையில்.

கண்டியிலிருந்து வளாகத்துக்கு டவுன் பஸ். வளாகத்துக்குள் ஓடுவது கலஹா வீதி, எல்லாம் அதை ஒட்டித்தான். நான் முதல்நாள் தாவரவியல் பூங்கா வாசலில் இறங்கி, இதுதான் கம்பஸ் போல, என்ன வடிவு என்று நினைத்து டிக்கெட் வரிசையில் நின்றவள். வெள்ளைக்காரர்கள் நிறைய நிற்பதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. அப்பாவுக்கு இன்றைக்கும் இது சிரிப்பு.

விடுதி எல்லோருக்கும் கிடைக்குமா?

பொதுவாக முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும் முன்னுரிமை. நடுவில் வெளியே போர்டிங், அதாவது வாடகை அறை. ஹிந்தகல, பெனிதெனிய, மீவத்துர, கன்னொருவப் பக்கம் வீடு வீடாகக் கேட்டுப் போக வேண்டும், முன்னைய பட்ச் விட்டுப்போகும் அறையை இப்போதே சொல்லிவைப்பதுதான் புத்திசாலித்தனம். நல்ல போர்டிங்குகள் விளம்பரத்துக்கு வருவதில்லை, கைமாறிக்கொண்டே இருக்கும்.

விடுதி அறை இரண்டு பேருக்கென்று கட்டியது, அதைவிடக் கூடுதலாக ஆட்கள் இருப்பார்கள், பயப்படாதீர்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போகாதீர்கள். குரங்கு வரும். வருவது மட்டுமில்லை, பிஸ்கட் பக்கற்றைத் திறந்து, பிடிக்காததைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போகும். என் அறைத்தோழியின் முழுச் செமஸ்டர் நோட்ஸ் கூரையில் கிடந்தது, இரண்டு பக்கம் மட்டும் கிடைக்கவில்லை, பரீட்சையில் அந்த இரண்டு பக்கத்திலிருந்துதான் கேள்வி வந்தது என்று அவள் இன்றும் சத்தியம் செய்கிறாள்.

சாப்பாடு எப்படி?

மலிவு. உறைப்பு வேறு மாதிரி, தேங்காய்ப்பால் கூட, கறியில் உம்பலகட என்கிற மாசிக் கருவாடு எதிர்பாராத இடத்தில் வரும். சைவக்காரர்கள் மரக்கறிச் சோறு என்று கேட்டாலும் பருப்பை ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் வையுங்கள், மாசி போட்டுத் தாளிப்பதை அங்கே யாரும் மச்சமாக எண்ணுவதில்லை. காலையில் பாண், பருப்பு, சம்பல். இரவில் கொத்து. பின்னேரம் ஒரு பிளேன்டீயும் ஒரு ரோல்ஸும். ஊரிலிருந்து வரும் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் அறையில் தங்கத்துக்குச் சமன், பூட்டி வையுங்கள், குரங்குக்காக இல்லை.

எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. சமாளிக்கலாமா?

இதைத்தான் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். எனக்கும் தெரியாது. பஸ்ஸில் இறங்குவதற்கு "பஹினவா" என்று சொல்ல வேண்டும் என்று தெரியாமல், இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய் மழையில் நடந்து வந்திருக்கிறேன். கடையில் விலை கேட்கும் "கீயத" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முதல் செமஸ்டரை ஓட்டினேன். விலையைச் சொல்வார்கள், அது விளங்காது, பெரிய நோட்டாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்கி எண்ணிப் பார்த்து விலையைக் கண்டுபிடிப்பேன். அப்படி இலக்கங்கள் பழகின.

வகுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். கலைப்பீடத்தில் பல பாடங்களைத் தமிழ்மொழியில் படிக்கலாம், விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலத்தில்தான் முதலில் மூச்சுத் திணறும், பக்கத்தில் இருக்கிற மாத்தறைப் பொடியனுக்கும் அதே திணறல் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். சொல்லப்போனால் இரண்டு பேருக்கும் முதல் சிநேகம் அங்கேதான் தொடங்கும். ஒருவருக்கும் விளங்காத ஒரு லெக்சர் முடிந்து வெளியே வரும்போது, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க மொழி தேவையில்லை.

ஆனால் ஒன்று. தமிழ் ஆட்களோடு சாப்பிட்டு, தமிழ் ஆட்களோடு நூலகம் போய், வெள்ளிக்கிழமை தமிழ் ஆட்களோடு பஸ் ஏறி ஊருக்குப் போய், நாலு வருடத்தையும் அப்படியே முடித்துக்கொண்டு போகலாம், போகிறவர்கள் நிறையப் பேர். அதில் ஒரு குறையும் தெரியாது, அதுதான் ஆபத்து. நான் இரண்டாம் வருடம் வரைக்கும் அப்படித்தான். பிறகு போர்டிங்கில் குருநாகலிலிருந்து வந்த ஒருத்தியோடு அறை. இரண்டு பேருக்கும் பொதுமொழி கிடையாது, ஆங்கிலம் இரண்டு பேருக்கும் அரைகுறை. அவள் எனக்கு யுத்தம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நான் கேட்பாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு இரவு கரண்ட் இல்லாத நேரம் அவளே கேட்டாள், 2009 இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று. செட்டிகுளம் அகதி முகாமில் சித்தப்பா குடும்பம் இருந்ததைச் சொன்னேன். அவளுடைய மாமா இராணுவத்தில் போய்த் திரும்பாததை அவள் சொன்னாள். அதன் பிறகு இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை, விடிய எழும்பி பாண் வாங்கப் போனோம். அதற்குள் என் சிங்களம் அவ்வளவுக்கு வந்திருந்தது என்பது எனக்கே அடுத்தநாள்தான் உறைத்தது.

அம்மா அப்பா பயப்படுகிறார்கள். அங்கே தமிழருக்குப் பாதுகாப்பா?

அவர்கள் பயம் காற்றில் வந்ததில்லை. 1983 மே மாதம், ஜூலைக் கலவரத்துக்கு முன்னாலேயே, பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு வீடு திரும்பினார்கள். அந்தத் தலைமுறையில் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள், மறுத்துப் பேசாதீர்கள். இன்றைய நிலை அதுவல்ல என்பதையும் சொல்லுங்கள். நான் இருந்த காலத்தில் தமிழ் என்பதற்காக என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை, பஸ்ஸில் தமிழில் போன் கதைக்கும்போது ஒரு தலை திரும்பும், அவ்வளவு. முதல்தடவை கொண்டுவந்து விடும்போது பெற்றோரை வளாகம் முழுக்க ஒருதரம் நடத்திக் காட்டுங்கள். செனட் கட்டடத்தையும் பெரிய மரங்களையும் பார்த்தபின் அப்பாமார் கொஞ்சம் இளகிவிடுவார்கள்.

பகிடிவதை (ராகிங்) இருக்கிறதா?

இருக்கிறது. பீடத்துக்குப் பீடம், பட்சுக்கு பட்ச் கூடும் குறையும்.

இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வராது. 1975 இல் இராமநாதன் விடுதியில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி பகிடிவதையிலிருந்து தப்ப மாடியிலிருந்து குதித்து உடல் முடங்கிப்போனார். 1997 இல் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ், அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்ய வைத்ததால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். எங்கள் பிள்ளை. அதற்கு அடுத்த வருடம்தான் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ ஏற்பட்டால் பத்து வருடம் வரை. சட்டம் இருக்கிறது, பகிடிவதையும் இருக்கிறது.

அதற்குச் சொல்லப்படும் நியாயங்களை இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், பிறகு யாராவது சொல்லும்போது புதிதாகத் தெரியாது. பணக்காரன் ஏழை என்ற வித்தியாசம் போகும் என்பார்கள், பட்சுக்குள் ஒற்றுமை வரும் என்பார்கள், வெட்கம் போகும் என்பார்கள். தமிழ் ஆட்களுக்கென்று மேலதிகமாக ஒன்று: நாங்கள் இங்கே சிறுபான்மை, சீனியர்மார் இல்லாவிட்டால் உனக்கு நோட்ஸ் யார் தருவது, வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது. கடைசியில் சொன்னதுதான் உண்மையாகக் கடிக்கும், ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முடியாது என்று சொன்னால் 'அன்டி', அதாவது எதிரானவர், என்று பெயர் வைத்து ஒதுக்கிவைப்பார்கள், சில மாதம் தனியாகச் சாப்பிட வேண்டிவரும். தனியாகச் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரும் பட்டம் எடுக்காமல் போகவில்லை, குப்பிக்கு (அது என்ன என்று கீழே வரும்) ஆள் இல்லாமலும் போகவில்லை.

பெயர் கேட்பது, ஊர் கேட்பது, பாட்டுப் பாடச் சொல்வது வேறு. உடம்பில் கை வைத்தால், உடையில் கட்டளை வந்தால், இரவில் அறைக்குக் கூப்பிட்டால், அன்றைக்கே மாணவ ஆலோசகரிடமோ பீடாதிபதி அலுவலகத்திலோ சொல்லுங்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். வீட்டில் சொல்லுங்கள். அம்மா பயப்படுவா என்று சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம், அடுத்த வருடம் நீங்கள் சீனியர். அப்போது உங்கள் பட்ச் கூடி, எங்களுக்குச் செய்ததை நாங்கள் செய்யாவிட்டால் எப்படி என்று கேட்கும். என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை முதல் வருடமே யோசித்து வையுங்கள்.

தமிழ் ஆட்கள் எல்லோரும் ஒரே கூட்டமா?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை, நானே போட்டுக்கொண்டேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வன்னி, மன்னார், மலையகம், திருகோணமலை, கொழும்பு, இதைவிடத் தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளைகள் அக்கரைப்பற்றிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும். முதல் வாரம் ஒருவர் தமிழ் மற்றவருக்கு விளங்காது. மட்டக்களப்புக்காரி "மறுகா" என்று சொன்னதை நான் யாரோ ஒருவரின் பெயர் என்று நினைத்தேன், 'பிறகு' என்று அர்த்தமாம். நாங்கள் சொல்லும் 'பேந்து'வுக்கு அவள் சிரித்தாள்.

சிரிப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மலையகப் பிள்ளைகளுக்குக் கண்டிதான் வீட்டுப் பக்கம். சிங்களமும் சரளம், கடையில் எங்களுக்கு மொழிபெயர்ப்பதும் அவர்கள், ஆனால் பட்சுக்குள் தலைமை என்று வரும்போது பெயர் முன்மொழியப்படுவது வேறு ஊர்க்காரருடையது. "தோட்டத்துப் பிள்ளையா?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்கும் குரல் எப்படி இருக்கும் என்று என் சிநேகிதி ஒருத்தி நடித்துக் காட்டினாள். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல், என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். நீங்கள் நடந்து திரியும் நிலமே தேயிலைத் தோட்டமாக இருந்த நிலம். யார் யாருக்கு விருந்தாளி என்று கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதையுங்கள்.

படிப்பு கஷ்டமா? குப்பி என்றால் என்ன?

குப்பி என்பது சிங்களத்தில் சின்ன மண்ணெண்ணெய் விளக்கு. பரீட்சை கிட்டும்போது பாடம் விளங்கின ஒருவர் விளங்காத மிச்சப் பேரைக் கூட்டிவைத்து, கன்டீன் மேசையிலோ விடுதி நடைபாதையிலோ, விடிய விடியச் சொல்லிக்கொடுப்பதுதான் குப்பி. காசு இல்லை, ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தால் போதும். பேராசிரியர் மூன்று மாதம் சொன்னதை ஒரு பட்ச்மேட் மூன்று மணித்தியாலத்தில் சொல்லிவிடுவதைப் பார்த்து முதலில் ஆச்சரியப்படுவீர்கள், பிறகு விரிவுரைக்குப் போகாமல் குப்பியை நம்பத் தொடங்குவீர்கள், அப்போது 80 வீத வரவு என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரும். பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள். ஒழுங்காகப் போங்கள்.

கலைப்பீடக்காரருக்கு ஒரு விஷயம்: முதல் வருடப் பெறுபேற்றை வைத்துத்தான் ஸ்பெஷல் எனப்படும் சிறப்புக்கற்கைக்கு எடுப்பார்கள். வந்ததும் சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று முதல் செமஸ்டரைக் கண்டி நகரத்தில் கழித்தவர்கள் மூன்றாம் செமஸ்டரில் வருந்துவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம். குப்பி எடுக்கும் ஆளாக மாறப் பாருங்கள். நான் புவியியலில் நிலவுருவவியலுக்குக் குப்பி எடுக்கப் போய்த்தான் அந்தப் பாடத்தையே விளங்கிக்கொண்டேன், அதுவரை விளங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ட்ரைக், பகிஷ்கரிப்பு என்று வருடக்கணக்கில் இழுபடுமாமே?

ஓம், இழுபடும். மேலே ஐந்து வருடத்துக்கு மேல் என்றேனே, அதில் கொரோனாவுக்கு ஒரு பங்கு, 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோலும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் போன மாதங்களுக்கு ஒரு பங்கு, மிச்சம் பகிஷ்கரிப்புக்கும் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தத்துக்கும். உயர்தரப் பரீட்சை எழுதி உள்ளே வருவதற்கே ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த உங்களுக்கு இது பழகின விஷயம்தான். ஊர்வலத்துக்குக் கூப்பிடுவார்கள். இலவசக் கல்விக்காக என்பார்கள், பல தடவை அது உண்மைதான், நாம் எல்லோரும் 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கர கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்தவர்கள். சில தடவை ஏதோ ஒரு கட்சியின் கணக்குக்காகவும் இருக்கும். எதற்குப் போகிறோம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். கண்ணீர்ப்புகைக்கு ஈரத்துணி.

காசு எவ்வளவு செலவாகும்?

படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசில் 1981 இலிருந்து இருக்கிறது, வீட்டு வருமானத்தையும் புள்ளியையும் பார்த்துக் கொடுப்பார்கள், அது கிடைக்காதவர்களுக்கு பேர்சரி என்கிற உதவித்தொகை. இரண்டுமே பிந்தி வரும், சேர்த்து வரும். வரும் நாளில் கண்டி நகரத்துக் கடைகளில் எங்கள் ஆட்களைக் காணலாம். விண்ணப்பத்தில் கிராம சேவகர் கையொப்பம், வருமானச் சான்றிதழ் எல்லாம் வேண்டும், ஊரை விட்டு வரமுன்பே எடுத்துவிடுங்கள். ஒரு கையொப்பத்துக்காக வவுனியாவுக்குத் திரும்பிப் போனவள் சொல்கிறேன்.

கோயில், தமிழ்ச் சங்கம், விழாக்கள்?

குறிஞ்சிக்குமரன் கோயில் மலையில் இருக்கிறது, படியேறிப் போனால் மூச்சு வாங்கும், மேலே நின்று பார்த்தால் வளாகம் கீழே பச்சையாகக் கிடக்கும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வெள்ளிக்கிழமை வருவார்கள், காரணம் பொங்கல் பிரசாதம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஐயருக்கும் தெரியும். பள்ளிவாசல், தேவாலயம், விகாரை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே.

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர் 'இளங்கதிர்' 1940களின் கடைசியிலிருந்து வருகிறது. கைலாசபதி, சிவத்தம்பி என்று நீங்கள் உயர்தரத் தமிழ்ப் பாடத்தில் பெயர் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாணவர்களாக நடமாடியவர்கள் என்பது சங்கத்தின் பழைய படங்களைப் பார்க்கும்போதுதான் உறைக்கும். எனக்குப் பிடித்த கதை கூத்துக் கதை. 1956 இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றி சிங்கள அரங்கையே புரட்டிப்போட்டார். அவர் எடுத்துக்கொண்ட 'நாடகம' என்ற வடிவம் தமிழ்க் கூத்தின் வழிவந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், எங்கள் பொருளை நாங்கள் ஏன் மறந்தோம் என்று, 1960களில் மட்டக்களப்புக் கூத்தை, அதைப் பழக்கும் அண்ணாவிமாரோடு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்து, விடிய விடிய ஆடுவதை நகர மேடைக்குச் சுருக்கி, மாணவர்களை ஆடவைத்தார். அப்போது ஆடிய மாணவர்களில் ஒருவர் பிறகு பேராசிரியரான சி. மௌனகுரு. ஊரில் படிக்காதவர்கள் ஆடுவது என்று தள்ளிவைத்த ஒன்றைப் பட்டதாரிப் பிள்ளைகள் சலங்கை கட்டி ஆடியபோது ஊரே திரும்பிப் பார்த்ததாம்.

சரச்சந்திரவின் பெயரில் இருக்கும் திறந்தவெளி அரங்கை எல்லோரும் 'வள' என்பார்கள், சிங்களத்தில் பள்ளம். மரங்களுக்கு நடுவே சரிவில் படிக்கட்டு, கீழே மேடை. நாடக விழா நாளில் பாயோ பத்திரிகைத் தாளோ கொண்டுபோய் முன்னேரமே இடம் பிடிக்க வேண்டும். சிங்களம் தெரியாமல் நான் பார்த்த முதல் சிங்கள நாடகம் அங்கேதான். மழை வந்தது, நடிகர்கள் நிறுத்தவில்லை, ஆட்களும் எழும்பவில்லை.

காதல்?

அதற்கென்று ஒரு பாதையே இருக்கிறது, ஆற்றோரம், பெயர் வேறு வைக்கத் தேவையில்லாத அளவுக்குப் பிரபலம். முதல் வருடத்தில் தொடங்கிய எல்லாம் கோயிங் டவுன் வரை வராது. கோயிங் டவுன் என்பது கடைசி வருடப் பிரியாவிடை. அன்றைக்கு அழுகிறவர்களில் பாதிப்பேர் யாருக்காக அழுகிறார்கள் என்பதைக் கேட்கக்கூடாது.

ஹந்தானை மலைக்கு ஏறலாமா?

ஏறாமல் போனால் பட்டம் செல்லாது என்பார்கள். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டால் வெயிலுக்கு முன் முதல் உச்சிக்குப் போகலாம். தனியாகப் போகாதீர்கள், பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தெரியாது, பாதை தவறியவர்களைத் தேடப் போன கதைகள் எல்லாப் பட்சிலும் உண்டு. மழைக்காலத்தில் அட்டை. சவர்க்காரத்தைக் காலில் பூசுங்கள், நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகுங்கள், கடித்தால் இழுக்காமல் உப்பு. வன்னியில் பாம்புக்குப் பயப்படாமல் வளர்ந்த நான் முதல் அட்டைக்குப் போட்ட சத்தத்தில் முன்னால் போன சிங்கள பட்ச் திரும்பி ஓடிவந்தது. அதற்குப் பிறகு அவர்கள் என்னைக் கூப்பிட்ட பெயர் 'கூடெல்லா'. அட்டைக்குச் சிங்களம் அதுதான்.

கடைசியாக, என்னென்ன கொண்டுவர வேண்டும்?

நல்ல குடை, மலிவானது இரண்டாம் நாளே மடங்கிவிடும். ஒரு கம்பளி, மார்கழி தையில் வவுனியாப் போர்வை காணாது. பூட்டு இரண்டு. வாளி கொண்டுவராதீர்கள், பேராதனைச் சந்தியில் வாங்கலாம், பஸ்ஸில் வாளியோடு ஏறினால் கண்டிவரை அதை மடியில் வைத்திருக்க வேண்டும். நீள மின்நீட்டி ஒன்று, அறையில் பிளக் பொயின்ட் எப்போதும் மற்றவரின் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கும். பெறுபேற்றுச் சான்றிதழில் பத்துப் போட்டோப்பிரதி. பிறகு அம்மாவிடம் சொல்லி அரைத்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ, அறையில் எத்தனை பேர் என்று தெரிந்தபின் இன்னொரு கிலோ.